இருட்டைக் கலைத்த சாம்பல்

1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரபஞ்சம் பிறந்த கையோடு பாகப்பிரிவினையும் முடிந்துவிட்டது. பங்காளிகள் இருவர். மொத்தப் பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு ஒருவருக்கே போனது. அவர் பெயர் கரும்பொருள். ஒளியைத் தரமாட்டார், வாங்கமாட்டார், மறிக்கவும் மாட்டார். எடை ஒன்றுதான் அவர் இருப்பதற்கு அடையாளம். மிச்சமிருந்த ஒரு பங்கு சாதாரணப் பொருளுக்கு வந்தது. ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த வெறும் வாயு. நட்சத்திரம், மலை, மாடு, மனிதர் எல்லாம் பின்னாளில் இந்த ஒரு பங்குக்குள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். பெரியவர் இழுத்த இழுப்புக்குச் சின்னவர் போவார், அதோடு கதை முடிந்தது என்றுதான் வெகுகாலம் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். சின்னவர் வேறு கணக்கு வைத்திருந்தார்.

முதல் 3,80,000 ஆண்டுகள் அவருக்குக் கையும் காலும் கட்டிப்போட்ட நிலை. பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்பில் எலக்ட்ரான்கள் அணுவுக்குள் அடங்காமல் திரிந்தன. திரிந்த எலக்ட்ரான்கள்மேல் ஒளி ஓயாமல் மோதியது. வாயு எங்காவது கூடப் பார்த்தால் ஒளியின் அழுத்தம் அதைப் பிடித்து வெளியே தள்ளியது. கூடுவதும் தள்ளப்படுவதுமாக வாயு முழுக்க ஒலியலைகள் ஓடின. கரும்பொருளுக்கு ஒளியோடு கொடுக்கல் வாங்கலே கிடையாது என்பதால், அது பாட்டுக்குத் தன் எடையில் திரண்டு கட்டி கட்டியாகச் சேர்ந்தது. வாயுவுக்கு விடுதலை கிடைத்தபோது வானமெங்கும் ஈர்ப்புக் குழிகள் வெட்டித் தயாராக இருந்தன. விழுவது ஒன்றுதான் பாக்கி.

சூடு தணிந்தது. எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின. ஒளி விலகி வழிவிட்டது. வாயு நேராகப் போய்க் குழியில் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. ஒலியலைகளில் ஆடிய ஆட்டத்தின் வேகம் உடம்பில் மிச்சமிருந்தது. கரும்பொருளைத் தாண்டி அது நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நகர்ந்துகொண்டிருந்தது. சேலத்தில் கிளம்பினால் இரண்டு நொடிக்குள் நாமக்கல் வந்துவிடும் வேகம். அந்த வாயுவுக்குள் ஒலி பரவும் வேகத்தைவிட இது ஐந்து மடங்கு. சின்னச் சின்னக் குழிகளை வாயு அப்படியே தாண்டிப் பறந்தது. பல இடங்களில் முதல் நட்சத்திரங்கள் பிறப்பது தள்ளிப்போனது. வாயுவின் எடை வந்து சேராததால் கரும்பொருள் கட்டிகளும் வளர்ச்சி குன்றின. திமித்ரி செலியாகோவிச், கிறிஸ்டோபர் ஹிராடா என்ற இருவர் 2010இல் எடுத்துச் சொல்லும்வரை இந்த வேகத்தின் விளைவை யாரும் பெரிதாகக் கவனித்திருக்கவில்லை. சின்னவர் வராமல் போனாலே பெரியவர் வீடு நிறையவில்லை. வந்தபோது நடந்தது இன்னும் பெரிய கூத்து.

பிரபஞ்சம் விரிய விரிய அந்த வேகம் தளர்ந்தது. பிறந்து 10, 20 கோடி ஆண்டுகள் ஆனபோது ஆழமான குழிகளில் வாயு இறங்க ஆரம்பித்தது. அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சூட்டை ஒளியாக வெளியே விட்டுவிட்டுக் குளிர்ந்து சுருங்கத் தெரியும். கரும்பொருளுக்கு அந்த வழி அடைப்பு. உள்ளே விழும் கரும்பொருள் துகள் விழுந்த வேகத்திலேயே மறுபக்கம் ஏறிப் போய்விடும், திரும்ப விழும், திரும்ப ஏறும். வாயுவோ குளிர்ந்து குளிர்ந்து குழியின் அடிக்கே போய்ச் சேர்ந்தது. நடுவில் எடை கூடியது. கூடிய எடை, சுற்றித் திரிந்த கரும்பொருளையும் பிடித்து உள்ளே நெருக்கியது. கோழி அடைந்த கூடு மாதிரி மையம் பிதுங்கியது. அந்த நெருக்கடியின் நடுவில் முதல் அடுப்பு பற்றியது.

முதல் நட்சத்திரங்களில் பல, சூரியனைவிடப் பல மடங்கு கனத்தவை. கனத்த நட்சத்திரம் அவசரக்காரச் சமையல்காரர். ஹைட்ரஜனை எரித்து ஹீலியம், ஹீலியத்தை எரித்துக் கார்பன், பிறகு ஆக்சிஜன், பிறகு சிலிக்கன் என்று முன்னதன் சாம்பலையே பின்னதற்கு விறகாக்கினார். முதல் சமையலுக்குப் பல பத்து லட்சம் ஆண்டுகள் பிடித்தன. கடைசிச் சமையல், சிலிக்கனை எரிப்பது, ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்தது. அடுப்பில் மிஞ்சியது இரும்பு. அதை மேலும் எரித்தால் சூடு கிடைக்காது. இருக்கிற சூடும் செலவாகும். விறகு தீர்ந்த நட்சத்திரத்தின் நடுவில் இரும்புக் குண்டு பருத்தது. அது சூரியனின் எடையைப் போல் 1.4 மடங்கைத் தொட்டபோது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் குலைந்து உள்ளே விழுந்தது. அணுக்கள் நொறுங்கின. ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுச் சமைத்த இரும்பு ஒரு குண்டுமணிகூட வெளியே வரவில்லை. அந்த 1.4 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சென்னைப் பையன் கப்பலேற வேண்டியிருந்தது. அதற்கு இன்னும் 1300 கோடி ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன.

உள்ளே புதைந்த இரும்புக்கு வெளியே ஒரு வாரிசு பிறந்தது. குலைந்த குண்டிலிருந்து கிளம்பிய அதிர்ச்சியலை மேலிருந்த சிலிக்கன் படலத்தைச் சுட்டு நிக்கலாக்கியது. அந்த நிக்கல் நிலைக்காத சரக்கு. ஆறு நாளில் அதில் பாதி கோபால்டாக மாறியது. கோபால்டில் பாதி 77 நாளில் இரும்பானது. இந்த முறை இரும்பு அடுப்புக்குள் மாட்டவில்லை, வெளியில் பறந்துகொண்டிருந்தது. சூரியன் 1000 கோடி ஆண்டு எரிந்து தரும் மொத்த ஒளி எவ்வளவோ, அவ்வளவு ஆற்றல் அந்த ஒற்றை வெடிப்பின் வீச்சில் இருந்தது. ஒன்று வெடித்தால் தாங்கலாம். ஈர்ப்புக் குழிகளில் திரண்ட குட்டி கேலக்ஸிகளில் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் வெடித்தன.

குழியின் அடியில் சேர்ந்திருந்த வாயு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்தது. பிறகு மெல்லத் திரும்பி வந்து குளிர்ந்தது, புது நட்சத்திரங்கள் பிறந்தன, மறுபடி வெடித்தன, மறுபடி பறந்தது. ஒளியே தீண்டாத கரும்பொருளை இந்த வெடிப்பு தொடக்கூட இல்லை. ஆனால் நடுவிலிருந்த எடை சட்டென்று காணாமல் போனது. ஆழமான பள்ளத்துக்குள் ஒருவர் சைக்கிளில் இறங்குவது போலத்தான் அது. இறங்கும்போது பள்ளம் பத்தடி. அடிமட்டத்தில் வேகமெடுத்த நொடியில் யாரோ பாதிப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டால், மறுபக்கம் ஏறும்போது ஏற வேண்டியது ஐந்தடிதான். மிஞ்சிய வேகத்தில் சைக்கிள் கிளம்பிய இடத்தையும் தாண்டி வெகுதூரம் போய்விடும். பிறகு பள்ளத்தைத் திரும்பத் தோண்டினாலும் போன சைக்கிள் பழைய வட்டத்துக்கு வராது. மையத்தில் நெருக்கியடித்துக் கிடந்த கரும்பொருள், ஒவ்வொரு வெடிப்புக் கூட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே சிதறியது. எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை. மிகச் சின்னக் கட்டிகளில் வெடிக்கப் போதுமான நட்சத்திரங்கள் இல்லை. மிகப் பெரியவற்றில் ஈர்ப்பு ஜெயித்து எல்லாவற்றையும் இறுக்கியது. இரண்டுக்கும் நடுவிலிருந்த குட்டி கேலக்ஸிகளில் ஐந்து பங்குக்காரரின் வீட்டு நடுக்கூடத்தை ஒரு பங்குக்காரர் காலி செய்து காட்டினார். அந்தச் சண்டையின் சாம்பல் எங்கே போனது?

வீச்சில் பறந்த இரும்பு வாயுவோடு கலந்தது. அடுத்த தலைமுறை நட்சத்திரங்கள் அந்தக் கலவையிலிருந்தே பிறந்தன. குட்டி கேலக்ஸிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாயின. அவற்றில் பெரிதாக வளர்ந்த ஒன்று பால்வீதி. ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு பெரிய விருந்தாளியையே விழுங்கியிருந்த தடயம் 2018இல்தான் கிடைத்தது. அதற்குள் இன்னொரு வகை அடுப்பும் வேலைக்கு வந்திருந்தது. வெண்குள்ளன் எனப்படும் செத்த நட்சத்திரங்கள், துணை நட்சத்திரத்திடம் பொருளை வாங்கியோ இன்னொரு வெண்குள்ளனோடு மோதியோ முழுசாக வெடித்தன. ஒவ்வொன்றும் சூரியனின் எடையில் ஏறத்தாழ பாதி அளவுக்கு இரும்பை இறைத்தது. பால்வீதியில் இரும்புக்குப் பஞ்சமில்லாமல் போனது. 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் ஒரு மூலையில் ஒரு சாதாரண மேகம் சுருங்கியது.

மேகத்தின் நடுவில் சூரியன் பிறந்தது. ஓரத்தில் திரண்ட உருண்டைகளில் ஒன்று பூமி. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. இளம் பூமி உருகிக் குழம்பியபோது அந்த இரும்பில் பெரும்பகுதி கனம் தாளாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு மூழ்கி மையத்தில் போய் உட்கார்ந்தது. நட்சத்திரத்துக்குள் புதைந்து தப்பிய இரும்பு, மறுபடியும் புதைந்தது. இந்த முறையும் கொஞ்சம் தப்பியது.

தப்பியது பாறைகளிலிருந்து கரைந்து ஆதிக் கடலில் சேர்ந்தது. அந்தக் கடலில் இரும்பு உப்பைப் போலக் கரைந்து கிடந்தது. ஒளியை உண்டு வாழ்ந்த நுண்ணுயிர்கள் அதைத் துருவாக்கி அடியில் படியச் செய்தன என்பதே பரவலான விளக்கம். ஒரு படலம் இரும்பு, ஒரு படலம் சிலிக்கா என்று பாய் அடுக்கியது போல வண்டல் சேர்ந்தது. பிறகு நிலம் அதை மடித்துத் தன் வயிற்றுக்குள் தள்ளிச் சுட்டது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த அந்தச் சூட்டில் துரு, காந்தம் ஒட்டும் மேக்னடைட்டாகப் படிகமானது. மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்து போக, மடிந்த அடுக்கு ஒரு மலையாக வெளியே தலைகாட்டியது. சேலத்துக்கு மேற்கே நிற்கும் அந்த மலைக்குச் சனங்கள் கஞ்சமலை என்று பெயர் வைத்தார்கள்.

மலையில் சித்தர்கள் மூலிகை தேடினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அடிவாரத்தில் கொல்லர்கள் தேடியது கல்லை. சரிவில் உதிர்ந்த கருப்புத் தாதுக்கல்லை உடைத்து, நீரில் அலசி, கனத்ததை மட்டும் எடுத்தார்கள். ஆளுயரம்கூட வராத களிமண் உலையில் அடுப்புக்கரியோடு கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதினார்கள். கிடைத்த இரும்பைச் சின்ன மண் மூசையில் வைத்து, கூடவே ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்டு வாயைக் களிமண்ணால் பூசி மறுபடி சுட்டார்கள். குச்சியின் கார்பன் இரும்புக்குள் ஏறி உருக்கானது. உலகம் 'வூட்ஸ்' என்று வாங்கிய உருக்கு இந்த வகைதான். நட்சத்திரம் சிலிக்கனை ஒரு நாளில் சுட்டது. கொல்லர் மூசையைச் சில மணி நேரம் சுட்டார். இதை ஒரு வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், மூசையில் ஆவாரங்குச்சி போடும் முறையை எழுதி வைத்தவர். வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை எழுப்பினார். சேலத்துத் தாது அங்கே போனது. இரும்பு வந்தது, லாபம் வரவில்லை. உலை காடு காடாகக் கரியைத் தின்றது. பக்கத்துக் காடுகள் தீர்ந்தன. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை எடுத்தார். அதைப் பலரும் எடுத்தாள, வழக்குகளில் அலைந்து 1851இல் வறுமையில் இறந்தார். கஞ்சமலை அப்படியே நின்றது. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதுவரை விடையில்லை.

1930 ஜூலை கடைசியில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். கடலில் பொழுது போக வேண்டும். வெண்குள்ளன் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு எல்லைக்கு மேல் தாங்காது என்று விடை வந்தது. இன்று அந்த எல்லை சூரியனின் எடையில் 1.4 மடங்கு. அந்தக் காலத்து வானியலின் பெரிய தலையான எடிங்டன், 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதைக் கேலி செய்து உட்கார வைத்தார். 1943இல் சந்திரசேகர் இன்னொரு கணக்குப் போட்டார். கூட்டத்துக்குள் நகரும் கனத்த நட்சத்திரத்தைச் சுற்றியுள்ளவை பின்னாலிருந்து இழுத்துத் தளர்த்தும் என்றது அது. கரும்பொருளுக்குள் வந்து மாட்டிய குட்டி கேலக்ஸி, பெரிய கேலக்ஸிக்குள் ஏன் மூழ்குகிறது என்பதற்குப் பின்னாளில் அதுவே விடையானது. இரும்புக் குண்டு குலைந்து விழும் எடையும், சிதறிய இரும்பு பால்வீதிக்கு வந்து சேர்ந்த வழியும் ஒரே ஆளின் பேனாவிலிருந்து வந்தன. ஆனால் கரும்பொருளை அப்போது பெரும்பாலானோர் நம்பவில்லை.

1933இலேயே ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி ஒரு கேலக்ஸிக் கூட்டத்தின் வேகத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத எடை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கேட்பாரில்லை. 1970இல் வெரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் ஓரத்து வாயு மேகங்கள் நடுவிலிருப்பவற்றுக்குச் சளைக்காமல் சுற்றுவதைக் காட்டினார்கள். மறைந்திருக்கும் எடை இல்லாமல் அது நடக்காது. அதே 1970 செப்டம்பரில் கஞ்சமலை அடிவாரத்தில் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆலை 1980களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. மலையின் தாதுவை விட்டுவிட்டு வெளியிலிருந்து வந்த உருக்கைத்தான் எவர்சில்வர் தகடாக உருட்டியது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. பாதிப் பரிசை வாங்க மேடையில் கூட நின்றவர் வில்லியம் ஃபவுலர். நட்சத்திர அடுப்பில் தனிமங்கள் எப்படிச் சமைகின்றன என்று கணக்கெடுத்தவர் அவர். 1.4இன் சொந்தக்காரரும் இரும்பின் சமையல் குறிப்பு எழுதியவரும் ஒரே மேடையில் நின்றது யாரும் திட்டமிட்ட பொருத்தமல்ல. அதற்குப் பத்துச் சொச்ச ஆண்டில் எல்லாக் கணக்கும் இடித்தது.

கணினியில் கரும்பொருளை மட்டும் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் கரும்பொருள் கூம்பு போலக் குவிந்தது. நவாரோ, ஃப்ரெங்க், வைட் என்ற மூவர் 1996இல் அதற்குச் சூத்திரமே எழுதினார்கள். நிஜக் குட்டி கேலக்ஸிகளை அளந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அங்கே கூம்பைக் காணோம். மையம் தட்டையாகக் கிடந்தது. 1994இலேயே இதைச் சுட்டிக்காட்டிய கட்டுரைகள், கரும்பொருள் கொள்கையே தப்போ என்று சந்தேகத்தைக் கிளப்பியிருந்தன. கூம்புச் சூத்திரம் எழுதிய நவாரோவும் ஃப்ரெங்கும் எக் என்பவரோடு சேர்ந்து அதே 1996இல், வாயு சட்டென்று வெளியேறினால் கூம்பு தட்டையாகும் என்றார்கள். ஒரே ஒரு வெளியேற்றம் போதவில்லை. 2010இல் ஃபாபியோ கவர்னாடோ குழு நட்சத்திர வெடிப்புகளையும் சேர்த்துக் கணினியில் ஒரு குட்டி கேலக்ஸியை வளர்த்தது. மையம் தட்டையாக வந்தது. 2012இல் ஆண்ட்ரூ பான்ட்ஸனும் கவர்னாடோவும் காரணத்தைச் சொன்னார்கள். வாயு ஒருமுறை போவதால் அல்ல, திரும்பத் திரும்பப் போய் வருவதால்தான் கரும்பொருள் சிதறுகிறது. அந்தச் சைக்கிள் கணக்குதான். கரும்பொருளின் குணமே வேறாக இருக்கலாம் என்று தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் கரும்பொருளை மட்டும் வைத்துப் பிரபஞ்சத்தை வளர்த்த காலம் முடிந்துவிட்டது. ஒரு பங்குக்காரரைச் சேர்க்காமல் ஐந்து பங்கின் கணக்கு எழுதுவதில்லை.

கஞ்சமலைப் பக்கம் பெருமழை விட்ட மறுநாள் ஓடை மணலில் கருப்புக் கோடுகள் தெரியும். லேசான மணலைத் தண்ணீர் அடித்துப் போயிருக்கும்; கனத்தது மட்டும் வரிவரியாகத் தங்கியிருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பையன்கள் அந்த மணலில் இழுப்பார்கள். இரண்டடி போவதற்குள் காந்தத்துக்குத் தாடி முளைத்துவிடும். தாளில் உதறி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் பொடி முள்முள்ளாக எழுந்து நிற்கும். அம்மா கூப்பிட்டதும் தாளோடு தெருவில் கொட்டிவிட்டு ஓடுவார்கள். ஒரு சிட்டிகைப் பொடியில் எத்தனையோ வெடிப்புகளின் இரும்பு கலந்து கிடக்கிறது. பால்வீதி விழுங்கிய பழைய குட்டி கேலக்ஸிகளின் பங்கும் அதில் உண்டு.

கரும்பொருளின் ஒரு துகளைக்கூட எந்த ஆய்வுக்கூடமும் இன்றுவரை பிடித்ததில்லை. அதைக் கலைத்துவிட்டு வந்த சாம்பல், கஞ்சமலை ஓடையில் ஸ்பீக்கர் காந்தத்துக்கே அகப்படுகிறது.